மானிட்டர் மேல் பழி போடாதீர்கள்!

திரை முழுக்க மஞ்சளடிக்கிறது என்று மானிட்டரைத் தூக்கிக்கொண்டு சர்வீஸ் கடைக்குப் போகிறவர்களைப் பார்த்தால் மனசு பதறுகிறது. பல சமயம் கெட்டிருப்பது பின்னால் தொங்கும் கேபிள்தான்.

கண்டுபிடிக்க ஒரு கருவியும் வேண்டாம். மானிட்டரின் மெனு பொத்தானை அழுத்துங்கள். அந்த மெனு கேபிள் வழியாக வருவதில்லை, மானிட்டரே வரைவது. மெனு மட்டும் சரியான நிறத்தில் பளிச்சென்று வந்தால் திரை நன்றாக இருக்கிறது. அடுத்து வேறொரு கேபிளை மாட்டிப் பாருங்கள். அப்போதும் மஞ்சள் போகவில்லை என்றால்தான் கம்ப்யூட்டரைச் சந்தேகிக்க வேண்டும்.

1987-ல் ஐ.பி.எம். கொண்டுவந்த வி.ஜி.ஏ. கேபிள் பழைய கம்ப்யூட்டர்களில் இன்னும் உழைக்கிறது. இருபுறமும் திருகு, மூன்று வரிசையில் 15 பின். முதல் பின் சிவப்புக்கு, இரண்டாவது பச்சைக்கு, மூன்றாவது நீலத்துக்கு. எனவே எது போயிற்று என்று வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்தாலே தெரியும். நீலம் போனால் மஞ்சள், பச்சை போனால் மெஜந்தா, சிவப்பு போனால் பசுநீலம். நிறமெல்லாம் சரி, ஆனால் மானிட்டருக்குரிய ரெசல்யூஷன் பட்டியலில் வரவில்லையா? 12, 15 பின்களைப் பாருங்கள். மானிட்டர் தன் விவரத்தைக் கம்ப்யூட்டருக்குச் சொல்வது அவற்றின் வழியாகத்தான். ஒன்பதாவது பின் இல்லையே என்று பயப்பட வேண்டாம். பல கேபிள்கள் அது இல்லாமலே வருகின்றன.

வளைந்த பின்னை, இரண்டு பக்கமும் மின்சாரத்தை நிறுத்திவிட்டு, ட்வீசரால் கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்த்தலாம். அவசரப்பட்டால் முறியும். முறிந்தால் புதுக் கேபிள்தான். நசுங்கிய கேபிளை வெட்டி, முறுக்கி, டேப் சுற்றுவதை நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன். நல்ல கேபிளில் ஒவ்வொரு நிறக் கம்பிக்கும் தனிக் கவசம் உண்டு. அது அறுந்தால் எழுத்துகளுக்குப் பக்கத்தில் நிழல் விழும். நசுங்குவதற்கே பெரும்பாலும் மேஜையைச் சுவரோடு ஒட்டிப் போடுவதுதான் காரணம். கேபிள் வளைய நாலு விரல் இடம் விடுங்கள்.

எச்.டி.எம்.ஐ. வேறு மாதிரி. சிக்னல் பலவீனமானால் வெள்ளைப் புள்ளிகள் மினுக்கும், அல்லது திரை திடீரென்று இருண்டு மீளும். 4கே மானிட்டர் 30 ஹெர்ட்ஸில் ஒழுங்காக ஓடி, 60-க்கு மாற்றியதும் இருள்கிறதா? பழைய கேபிளால் தாக்குப்பிடிக்க முடியவில்லை என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். நொடிக்கு 18 ஜிகாபிட் தாங்கும் ‘பிரீமியம் ஹை ஸ்பீட்’ முத்திரை உள்ளதாகக் கேட்டு வாங்குங்கள்.

டிஸ்ப்ளே போர்ட் கேபிளைக் கழற்றும்போது மட்டும் தலையில் கொக்கிக்கான பொத்தான் இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். அதை அழுத்தாமல் இழுத்தால், கிராபிக்ஸ் கார்டின் சாக்கெட்டே பெயர்ந்துவிடக்கூடும்.