பிளீச்சிங் எதைக் கொல்லும், எதைக் கிளப்பிவிடும்?

திருச்சியிலிருந்து கொள்ளிடத்தைத் தாண்டித் துறையூர் சாலையில் போனால், மண்ணச்சநல்லூருக்கு முன்பே அதன் அரிசி ஆலைகளின் வாடை வந்து சேரும். பொன்னி அரிசிக்குப் பேர்போன ஊர். புழுங்கலுக்காக நெல்லை ஊறவைத்து வடித்த தண்ணீர் ஒரு நாள் தேங்கினாலே புளித்து நாறத் தொடங்கும். நாற்றம் என்றால் நமக்குத் தெரிந்த மருந்து ஒன்றுதான்: பிளீச்சிங் பவுடர். சாக்கடை அடைத்தாலும், குடோன் மூலையில் எலி செத்துக் கிடந்தாலும், திருவிழாவுக்குக் கூட்டம் வந்தாலும் அதே வெள்ளைத் தூள். வீட்டுக்குள் அதன் உறவுக்காரச் சரக்கு திரவமாகப் பாட்டிலில் இருக்கிறது. தரை, கழிவறை, வெள்ளைத் துணி என எல்லாவற்றுக்கும் அதைத்தான் எடுக்கிறோம்.

இவ்வளவு பழகிய பொருள் என்பதாலேயே, அது உதவாத இடத்திலும் கேடு செய்கிற இடத்திலும் யோசிக்காமல் ஊற்றிவிடுகிறோம். விபத்துகள் அங்கேதான் நடக்கின்றன.

உப்புக் கரைசலில் மின்சாரம் பாய்ச்சினால் ஒரு முனையில் குளோரின் வாயு கிளம்பும். மறு முனைப் பக்கம் காஸ்டிக் சோடா உருவாகும். திருச்சிக்குக் காவிரித் தண்ணீரை அனுப்பும் மேட்டூரில், அணை கட்டி முடித்த இரண்டே ஆண்டுகளில், 1936-இல், இந்தத் தொழிலுக்கான ஆலை எழுந்தது. குளோரினைக் குளிர்ந்த காஸ்டிக் சோடாக் கரைசலில் செலுத்தினால் கிடைப்பது சோடியம் ஹைப்போகுளோரைட். அதுதான் வீட்டு பிளீச். நீற்றிய சுண்ணாம்பில் குளோரினை ஏற்றினால் பிளீச்சிங் பவுடர். கிளாஸ்கோவில் சார்லஸ் டென்னண்ட் 1799-இல் காப்புரிமை பெற்ற முறை அது. இரண்டுமே குளோரின் வாயுவைக் கையாளத் தோதாகக் கட்டிப்போட்ட வடிவங்கள். கட்டை அவிழ்த்துவிட்டால் உள்ளே இருப்பது, 1915 ஏப்ரல் 22 அன்று பெல்ஜியத்தின் ஈப்ர் போர்முனையில் ஜெர்மன் படை திறந்துவிட்ட அதே வாயு.

பிளீச்சைக் குறைத்துப் பேசுவதற்காக இதைச் சொல்லவில்லை. 1847-இல் வியன்னா மருத்துவமனையில் இக்னாஸ் செம்மல்வைஸ், பிரசவம் பார்க்கும் மருத்துவர்களைக் குளோரின் கலந்த சுண்ணாம்புக் கரைசலில் கை கழுவச் செய்தபோது, பிள்ளை பெற்ற தாய்மார்களின் சாவு மளமளவென்று குறைந்தது. இன்று நம் மேல்நிலைத் தொட்டிகளில் விழும் குளோரினால் காலராவும் டைபாய்டும் எத்தனையோ வீடுகளுக்கு வராமல் நிற்கின்றன. ஆயிரம் லிட்டர் தண்ணீருக்கு, 33 சதவீதக் குளோரின் உள்ள நல்ல பவுடர் 4 கிராம் போதும். லிட்டருக்கு ஏறத்தாழ 1.3 மில்லிகிராம் குளோரின் கிடைத்துவிடும். இவ்வளவு சிறிய அளவில் இவ்வளவு பெரிய காவலைத் தரும் பொருள் வேறு அதிகம் இல்லை.

அது வேலை செய்யும் விதத்தைத் தெரிந்துகொண்டால், எங்கே தோற்கும் என்பதும் விளங்கும். ஹைப்போகுளோரைட்டுக்குக் கிருமி எது, அழுக்கு எது என்ற வேறுபாடு கிடையாது. முதலில் எது எதிர்ப்படுகிறதோ அதை ஆக்சிஜனேற்றம் செய்து, தானும் தீர்ந்துபோகும். சம்பளக் காசை முதல் கடையிலேயே கரைத்துவிட்டு மளிகைக்கு மிச்சமில்லாமல் நிற்பவரைப் போன்றது அதன் நிலை. சேறு, மலம், ரத்தம், அழுகிய சோறு இவற்றின் மேல் ஊற்றினால் குளோரின் அதிலேயே செலவாகிவிடும். ஆலையின் ஊறல் தண்ணீரிலும் இதே கதைதான். நெல்லிலிருந்து இறங்கிய மாவுச்சத்தும் பிற கரிமப் பொருள்களும் குளோரினைத் தின்றுவிடும். கிலோ கணக்கில் கொட்டினாலும் கொஞ்ச நேரத்தில் நாற்றம் திரும்பும். போதாததற்கு, அந்தக் கரிமப் பொருள்களோடு குளோரின் சேர்ந்து உருவான புதிய சேர்மங்கள் வாய்க்காலுக்குப் போகும். சாலையோரம் காய்ந்த மண்ணில் கோடு போட்டாற்போல் தூவும் பவுடரும் பெரும்பாலும் கண்ணுக்குத்தான். பழைய மூட்டையாக இருந்தால் அதுவும் கூட இல்லை. காற்றிலும் வெயிலிலும் குளோரின் போய்விட்ட பவுடரில் மிஞ்சுவது சுண்ணாம்புச் சரக்கு மட்டுமே.

வீணாவது ஒரு நஷ்டம். நஞ்சாவது வேறு.

நம் வீடுகளில் அடிக்கடி நடக்கக்கூடியது கழிவறையில். போர் தண்ணீரின் உப்பு டைல்ஸில் வெள்ளையாகவும் பழுப்பாகவும் படிந்துவிடும். பிளீச் அந்த உப்புக் கறையை ஒன்றும் செய்யாது. ஊற்றித் தேய்த்துப் பார்த்துவிட்டு, போகவில்லை என்று அதன் மேலேயே ஆசிட்டை ஊற்றுகிறோம். அல்லது ஆசிட் கழுவிய கையோடு, கிருமியும் சாகட்டுமே என்று பிளீச்சை ஊற்றுகிறோம். பாட்டிலில் வரும் கழிவறைக் கிளீனர்கள் பலவற்றில் இருப்பதும் ஹைட்ரோகுளோரிக் அமிலம்தான். அமிலம் பட்டதும் ஹைப்போகுளோரைட்டின் கட்டு அவிழ்ந்து, குளோரின் வாயு வெளியேறும்.

எவ்வளவு வெளியேறும் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நான்குக்கு ஆறு அடி, எட்டடி உயரம் உள்ள கழிவறை என்று வைத்துக்கொள்வோம். உள்ளே சுமார் 5,400 லிட்டர் காற்று. ஐந்து சதவீத பிளீச் நூறு மில்லியில் 5 கிராம் ஹைப்போகுளோரைட் இருக்கிறது. அது முழுவதும் அமிலத்தோடு வினைபுரிந்தால் ஒன்றரை லிட்டருக்கு மேல் குளோரின் வாயு வரும். காற்றில் பத்து லட்சம் பங்குக்கு ஏறத்தாழ 300 பங்கு. தொழிற்சாலைப் பாதுகாப்பில், உயிருக்கு உடனடி ஆபத்து என்று வைத்திருக்கும் அளவோ பத்து லட்சத்தில் 10 பங்கு! ஒரு பகுதி வாயு தண்ணீரிலேயே கரைந்து நிற்கும், கொஞ்சம் ஜன்னல் வழியே போகும் என்றெல்லாம் கழித்தாலும் மிச்சம் இருப்பது பயங்கரம். ஒரே ஒரு டீஸ்பூன் பிளீச், முழுதாக வினைபுரிந்தால், அந்தச் சின்ன அறையை ஆபத்து வரம்புக்கு மேலே கொண்டுபோய்விடும். குளோரின் காற்றைவிட இரண்டரை மடங்கு கனமானது. மேலே ஜன்னல் திறந்திருந்தாலும் அது கீழேயே தங்கும். குத்துக்காலிட்டுத் தரை தேய்ப்பவரின் மூக்கு இருப்பதும் அந்த உயரத்தில்தான்.

மூத்திரம் தேங்கிய இடத்தில் அம்மோனியா இருக்கும். அங்கே அடர்த்தியான பிளீச்சை ஊற்றினால் குளோரமைன் வாயுக்கள் கிளம்பும். கண் எரியும், மூச்சு முட்டும். மாட்டுத் தொழுவம், நாள்பட்ட பொதுக் கழிப்பிடம், வவ்வால் அடைந்த பழைய கட்டடம் எல்லாம் இந்தக் கணக்கில் சேரும். ஸ்பிரிட்டும் சானிடைசரும் அதோடு கலக்கக் கூடாதவை. குளோரோபார்ம் போன்றவை உருவாகும். மொத்தத்தில் பிளீச்சோடு கலக்கத் தக்கது பச்சைத் தண்ணீர் ஒன்றுதான்.

செப்டிக் டேங்கைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். தொட்டியைத் திறந்ததும் ஒரு வாளி பிளீச்சிங்கைக் கரைத்து ஊற்றினால் விஷவாயு அடங்கிவிடும், ஆள் இறங்கலாம் என்று நம்புபவர்கள் இருக்கிறார்கள். கொலைகார நம்பிக்கை இது. அங்கே ஆளைக் கொல்வது ஹைட்ரஜன் சல்பைடும் ஆக்சிஜன் இல்லாமையும். பிளீச், தான் தொட்ட கழிவின் மேற்பரப்பில் கொஞ்சம் வேலை செய்துவிட்டுத் தீர்ந்துபோகும். அடிச்சேற்றைக் கிளறியவுடன் புதிதாகக் கிளம்பும் வாயுவை அது தடுக்காது, ஆக்சிஜனையும் கொண்டுவந்து தராது. கழிவில் உள்ள அம்மோனியாவோடு சேர்ந்து இன்னொரு நஞ்சை வேண்டுமானால் கூட்டும். நாற்றம் குறைந்ததால் ஆபத்து குறைந்தது என்றும் எண்ண முடியாது; ஹைட்ரஜன் சல்பைடு அடர்ந்தால் மூக்கின் மோப்பமே செத்துவிடும். பாதுகாப்பு ஏற்பாடில்லாமல் ஆளைத் தொட்டிக்குள் இறக்குவது 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். இறந்தவரின் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் சொன்னது. எந்தத் தொகையும் அந்த உயிருக்கு ஈடல்ல. 14420-ஐ அழைத்தால் கழிவை உறிஞ்சும் லாரிக்கு வழி கிடைக்கும். மனிதர் இறங்கத் தேவையே இல்லை.

வயல் சூழ்ந்த ஊர் என்பதால் இன்னொன்று. பூச்சிமருந்து பாட்டில் உடைந்து தரையில் கொட்டினால் பிளீச் போட்டுக் கழுவினால் போதும் என்று தோன்றும். நெல்லுக்கும் கரையானுக்கும் பயன்பட்டு வந்த குளோர்பைரிபாஸை எடுத்துக்கொள்ளுங்கள். குளோரின் பட்டால் அதன் மூலக்கூறில் உள்ள கந்தகத்தின் இடத்தில் ஆக்சிஜன் ஏறி, அது ஆக்சான் வடிவத்துக்கு மாறும். நரம்புகளைத் தாக்குவதில் அந்த ஆக்சான் மூல மருந்தைவிட வீரியமானது. அதாவது, சுத்தம் செய்யப் போய் நஞ்சைக் கூர்தீட்டிவிடுகிறோம். காய்ந்த மண்ணையோ மரத்தூளையோ போட்டு உறிஞ்ச வைத்து, கையுறை போட்டு வாரித் தனியாகக் கட்டிவைப்பதே சரி. ஆலைக் குடோனில் வண்டுக்கு வைக்கும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையின் மிச்சச் சாம்பலில் பிளீச் மட்டுமல்ல, வெறும் தண்ணீரைக்கூட மூடிய அறையில் ஊற்றக் கூடாது. மிஞ்சியிருக்கும் மருந்து பாஸ்பீன் வாயுவாகும், தீயும் பிடிக்கலாம். உடைந்த தெர்மாமீட்டரின் பாதரசத்தையும் பிளீச்சால் தொடாதீர்கள்.

பொருளைப் புரிந்துகொள்ளாமல் ஊரே சேர்ந்து பயன்படுத்தினால் என்ன ஆகும் என்பதை 2020 காட்டியது. கொரோனா ஊரடங்கின் தொடக்கத்தில், மார்ச் 30 அன்று, உத்தரப் பிரதேசத்தின் பரேலியில் ஊர் திரும்பிய தொழிலாளர்களைச் சாலையில் உட்காரவைத்து ஹைப்போகுளோரைட் கரைசலைப் பீய்ச்சி அடித்தார்கள். ஏப்ரல் தொடக்கத்தில் திருப்பூரில் சந்தைக்கு முன்னால் கிருமிநாசினிச் சுரங்கம் ஒன்று அமைந்தது. சில வினாடிகள் கையைத் தூக்கிக்கொண்டு நடந்தால் சுத்தமாகிவிடலாம் என்பது எண்ணம். நல்ல மனத்தோடு செய்தார்கள் என்பதில் ஐயமில்லை. ஆனால் கிருமி இருப்பது மூச்சுக்குழாயில். மருந்து விழுந்ததோ கண்ணிலும் தோலிலும். சில வினாடிகளில் மேல்சட்டைக் கிருமிகூடச் சாகாது. தமிழகச் சுகாதாரத் துறை சில நாட்களிலேயே அதை நிறுத்தச் சொன்னது. ஏப்ரல் 18 அன்று மத்திய சுகாதார அமைச்சகம் மனிதர்கள் மேல் தெளிக்க வேண்டாம் என்று அறிவித்தது. மே மாதம் உலக சுகாதார நிறுவனம் ஒரு படி மேலே போய், தெருவில் தெளிப்பதும் பயனற்றது, மண்ணும் குப்பையும் மருந்தைச் செயலிழக்கச் செய்துவிடும் என்றது. நவம்பர் 5 அன்று உச்ச நீதிமன்றமும் மனிதர்கள் மேல் தெளிப்பதற்குத் தடை பிறப்பிக்குமாறு மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. அந்த மாதங்களில் தோளில் டேங்கைச் சுமந்து, முகத்தில் ஒரு துணியைக் கட்டிக்கொண்டு தெருத்தெருவாக அடித்தவர்கள் தூய்மைப் பணியாளர்கள். அவர்கள் நுரையீரல் பட்ட பாட்டுக்கு ஊரில் யாரும் கணக்கு கேட்கவில்லை என்பது என் மனத்தை இன்றும் உறுத்துகிறது.

சரியான இடத்தில் பிளீச் அருமையானது. வாந்தி, ரத்தம், வயிற்றுப்போக்கு பட்ட தரையில் முதலில் காகிதத்தாலோ பழந்துணியாலோ ஒற்றி எடுங்கள். சோப்புத் தண்ணீரால் துடைத்து, நல்ல தண்ணீரால் அலசுங்கள். அதற்குப் பிறகே பிளீச். ஐந்து சதவீதச் சரக்கு ஒரு பங்குக்குத் தண்ணீர் ஒன்பது பங்கு. பத்து நிமிடம் ஈரம் காயாமல் நிற்க வேண்டும். 2014-இல் மேற்கு ஆப்பிரிக்காவில் எபோலா பரவியபோது மருத்துவமனைத் தரைகளைக் காத்தது இதே அரை சதவீதக் கரைசல்தான். சாதாரணத் தரைக்கு ஒன்றுக்கு நாற்பத்தொன்பது போதும். அன்றன்றைக்குக் கலந்து அன்றே தீர்த்துவிடுங்கள். வெயில் படும் சன்ஷேடில் வைத்த பாட்டில் மாதக்கணக்கில் வலுவிழந்துகொண்டே போகும். எலிப்புழுக்கை கிடக்கும் குடோனைக் காய்ந்தபடி பெருக்கினால் தூசியோடு நோயும் மூச்சில் ஏறலாம். கதவுகளைத் திறந்து காற்றாட விட்டு, இதே அரை சதவீதக் கரைசலால் நனைத்துப் பத்து நிமிடம் கழித்துத் துடைத்தெடுப்பது நல்ல முறை. ஆசிட்டையும் பிளீச்சையும் தண்ணீர் பாட்டிலிலோ கலர் பாட்டிலிலோ ஊற்றி வைக்கும் பழக்கத்தை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். குழந்தை குடிப்பதற்கும், எது எது என்று தெரியாமல் இரண்டைக் கலப்பதற்கும் அது வழி.

தவறிக் கலந்துவிட்டால் வாளியை அப்படியே போட்டுவிட்டு வெளியே வாருங்கள். கழுவிவிட்டு வருகிறேன் என்று நிற்க வேண்டாம். மூச்சைப் பிடித்துக்கொண்டு மறுபடி உள்ளே போகவும் வேண்டாம். கண்ணில் பட்டிருந்தால் ஓடும் தண்ணீரில் கால் மணி நேரமாவது கழுவ வேண்டும். குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. குளோரினுக்கு மாற்று மருந்து என்று ஒன்றில்லை. ஆக்சிஜனும், மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்தும், மருத்துவரின் கண்காணிப்புமே சிகிச்சை. இருமல் அடங்கிவிட்டதே என்று வீட்டில் படுத்தவருக்குச் சில மணி நேரம் கழித்து நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளலாம். அதனால் மூச்சிரைப்போ நெஞ்சு இறுக்கமோ இருந்தால் 108-ஐ அழைத்து, திருச்சி புத்தூரில் உள்ள மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனைக்கோ பக்கத்து மருத்துவமனைக்கோ கொண்டுபோங்கள். டெல்லி எய்ம்ஸின் தேசிய நச்சுத் தகவல் மையத்தை 1800 116 117 என்ற இலவச எண்ணில் கேட்கலாம். போகும்போது, கலந்த இரண்டு பாட்டில்களின் லேபிளையும் செல்போனில் படம் எடுத்துக்கொண்டு போனால், மருத்துவர் முதலில் கேட்கும் கேள்விக்குப் பதில் உங்கள் கையில் இருக்கும்.