யூரியாவைக் கண்டால் கடையைச் சாத்தும் பாக்டீரியா

நிலக்கடலைச் செடியொன்றை வேரோடு பிடுங்கி, வேரில் மிளகளவு திரண்டிருக்கும் முடிச்சை நகத்தால் கிள்ளிப் பாருங்கள். உள்ளே சிவந்திருந்தால் முடிச்சு வேலை செய்கிறது. வெளிறியோ பச்சையாகவோ இருந்தால் அதனால் செடிக்குப் பலனில்லை. சிவப்புக்குக் காரணம் லெக்ஹீமோகுளோபின், நம் ரத்தத்தின் ஹீமோகுளோபினுக்குச் சொந்தக்காரப் புரதம். முடிச்சுக்குள் ஆக்சிஜனை இஷ்டத்துக்கு உலவவிடாமல், பாக்டீரியா சுவாசிக்கத் தேவையானதை மட்டும் அளந்து கொடுப்பது அதன் வேலை.

எதற்கு இத்தனை கெடுபிடி?

காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன்தான். அதைப் பிடித்து அம்மோனியாவாக்கும் நைட்ரோஜினேஸ் என்ற நொதிக்கு ஆக்சிஜன் பட்டால் ஆகாது. ஒருமுறை கெட்டால் மீளாது. செலவும் கொஞ்சநஞ்சமல்ல. ஒரே ஒரு நைட்ரஜன் மூலக்கூறை உடைக்க, செல்லின் எரிபொருளான ஏ.டி.பி. குறைந்தது 16 தேவை. நொதி மந்தமாகவே இயங்கும் என்பதால் அதை ஏராளமாகத் தயாரித்து வைக்கவும் வேண்டும். உரத் தொழிற்சாலையில் 400 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பத்திலும், காற்றழுத்தத்தைப் போல நூறு மடங்குக்கும் மேலான அழுத்தத்திலும் நடக்கும் வேலையைப் பாக்டீரியா மண்ணின் சூட்டிலேயே முடித்துவிடுகிறது. ஆனால் கைக்காசு கரைகிறது. ஆகவே எப்போது தொடங்குவது என்பதைவிட எப்போது நிறுத்துவது என்பதில்தான் அதன் சாமர்த்தியம் முழுவதும் இருக்கிறது.

வேர்முடிச்சுப் பாக்டீரியாவைப் பற்றிய பள்ளிப் பாடம் ரைசோபியம் என்ற பெயரோடு முடிந்துவிடும். ஆராய்ச்சியாளர்களுக்கு வழிகாட்டியது கிளெப்சியெல்லா என்ற வேறொரு பாக்டீரியா. 1972இல் இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ரே டிக்சனும் ஜான் போஸ்ட்கேட்டும் அதன் நைட்ரஜன் மரபணுக்களை ஈ.கோலை என்ற பாக்டீரியாவுக்கு மாற்றினார்கள். அதுவரை நைட்ரஜனைத் தொட்டறியாத ஈ.கோலை, காற்றிலிருந்து அதை எடுக்கத் தொடங்கியது. கிளெப்சியெல்லாவில் இந்த 'நிஃப்' மரபணுக்கள் இருபதும் ஒரே வரிசையில் இருப்பது பின்னர் தெரிந்தது.

அவற்றுள் நிஃப்-எல், நிஃப்-ஏ இரண்டும் நொதி செய்வதில்லை, மற்றவற்றை மேய்க்கின்றன. செல்லில் குளுட்டமின் குறைந்தால் நைட்ரஜன் பஞ்சம் என்று அர்த்தம். அந்தச் சேதி சில புரதங்களின் வழியே கைமாறி, இந்த இரண்டு மரபணுக்களையும் எழுப்புகிறது. மற்ற நிஃப் மரபணுக்களின் வாசலில், மரபணுவை வாசிக்கும் ஆர்.என்.ஏ. பாலிமரேஸ் ஏற்கனவே வந்து உட்கார்ந்திருக்கும், ஆனால் தானாகத் தொடங்க அதனால் முடியாது. நிஃப்-ஏ புரதம் சற்றுத் தள்ளி டி.என்.ஏ.வைப் பற்றிக்கொள்ள, இடையிலுள்ள இழை வளைந்து இரண்டையும் சேர்த்துவைக்கிறது. நிஃப்-ஏ ஏ.டி.பி.யைச் செலவழித்து டி.என்.ஏ.வின் பிணைப்பைத் திறந்துவிட்ட பிறகே மரபணு வாசிக்கப்படுகிறது.

வேடிக்கை என்னவென்றால், நிஃப்-ஏவைத் தடுக்கும் நிஃப்-எல் புரதமும் அதனுடனேயே பிறக்கிறது. ஆக்சிஜன் வந்தாலும் சரி, அம்மோனியா கிடைத்தாலும் சரி, அது நிஃப்-ஏவைப் பிடித்து முடக்கிவிடும். இரண்டும் இல்லாதபோதுதான் பிடி தளரும்.

குதிரைமசாலின் வேர்முடிச்சில் வாழும் பாக்டீரியா ஆக்சிஜனைத்தான் முக்கியமாகக் கவனிக்கிறது. லெக்ஹீமோகுளோபினில் உள்ளதைப் போலவே அதன் ஃபிக்ஸ்-எல் புரதத்திலும் ஆக்சிஜனைப் பற்றும் ஹீம் என்ற பகுதி உண்டு. அதில் ஆக்சிஜன் ஒட்டியிருக்கும்வரை புரதம் சும்மா இருக்கும். விலகியதும் நிஃப்-ஏ உற்பத்திக்கு உத்தரவு போகும். ஆக்சிஜனைச் செடி அளப்பதும் ஹீமால், பாக்டீரியா அறிவதும் ஹீமால்.

நம்மூர் உரக்கடைகளில் பொட்டலமாகக் கிடைக்கும் அசோஸ்பைரில்லம் இன்னும் உஷார். அம்மோனியம் வந்துவிட்டால் மரபணுவை அணைப்பதோடு நில்லாமல், தயாராகிவிட்ட நொதியையும் நிறுத்திவிடுகிறது. ட்ரா-டி என்ற புரதம் நைட்ரோஜினேஸின் ஒரு பகுதியில் சிறு வேதிக்குழுவை ஒட்டவைக்கிறது. சில நிமிடங்களில் வேலை நின்றுவிடும். அம்மோனியம் தீர்ந்ததும் ட்ரா-ஜி அதைப் பிரித்தெடுக்க, நொதி மீண்டும் ஓடும். யூரியா மண்ணில் விழுந்து அம்மோனியமாகத்தான் மாறுகிறது என்பதை இங்கே சேர்த்துப் படிக்க வேண்டும்.

அமெரிக்காவில் பிவட் பயோ நிறுவனம் இந்தச் சிக்கனத்தையே உடைத்துப் பார்த்தது. மக்காச்சோள வேரில் வாழும் ஒரு கிளெப்சியெல்லாவில் நிஃப்-எல் மரபணுவை நீக்கி, உரத்தைக் கண்டு அணையாதபடி நிஃப்-ஏவுக்கு அதே பாக்டீரியாவின் வேறொரு தொடக்கப் பகுதியைப் பொருத்தியது. 2019 முதல் அந்நாட்டு விவசாயிகளுக்கு விற்கிறது. நம் பொட்டலத்தில் இருப்பதோ பழைய சிக்கனக்காரன்தான்.

அசோஸ்பைரில்லம் வேர் வளர்ச்சியைத் தூண்டும் ஆக்சினையும் சுரக்கிறது, எனவே வாங்கிய காசு வீண் என்று சொல்ல முடியாது. ஆனால் தழைச்சத்துக்காகத்தான் வாங்குகிறீர்கள் என்றால், யூரியாவோடு கலந்து வீசாதீர்கள். தொழுவுரத்தில் கலந்து தனியாக இடுங்கள், யூரியாவின் அளவையும் குறைத்துக்கொள்ளுங்கள்.