சூடேறிய சுருளும் ஓம் கணக்கும்

காலையில் கிளம்பிய கார் நன்றாகத்தான் ஓடுகிறது. ஒரு மணி நேரம் கழித்து, முதல் கியர் விழ மறுக்கிறது. இரவெல்லாம் ஆறவிட்டு மறுநாள் பார்த்தால் கோளாறைக் காணோம்! மாயம் ஒன்றுமில்லை, நீங்கள் வகுப்பில் படித்த மின்தடைப் பாடந்தான்.

தானே கியர் மாற்றிக்கொள்ளும் கார்கள் அமெரிக்காவில் 1940ஆம் ஆண்டு ஓல்ட்ஸ்மொபைல் மாடலிலேயே வந்துவிட்டன. அவற்றில் எண்ணெய் அழுத்தமே எல்லா வேலையையும் செய்தது. பின்னாளில் எண்ணெய்ப் பாதைகளைத் திறந்து மூடும் பொறுப்பு வரிச்சுருள்களுக்குப் போயிற்று. ஜெனரல் மோட்டார்ஸ் 1990களில் புகுத்திய 4எல்60-இ கியர்ப்பெட்டியைப் பாருங்கள். கியரைத் தேர்ந்தெடுக்க ஏ, பி என்று இரண்டே சுருள்கள். இரண்டிலும் மின்சாரம் பாய்ந்தால் முதல் கியர். பி-யில் மட்டும் என்றால் இரண்டாவது. இரண்டிலும் இல்லையென்றால் மூன்றாவது. ஏ-யில் மட்டும் என்றால் நான்காவது. ஆகவே ஏ சுருள் அறுந்துபோனால் இரண்டாவதும் மூன்றாவதுமே மிஞ்சும்.

இச்சுருளின் மின்தடை 20 டிகிரி செல்சியஸில் 19 முதல் 24 ஓம் வரை இருக்க வேண்டும். இணைப்பியைக் கழற்றிவிட்டு மல்டிமீட்டரால் அளக்கிறோம். முள் முடிவிலியைக் காட்டினால் கம்பி அறுந்திருக்கிறது. 6 ஓம் காட்டினால் காப்பு உருகிச் சுற்றுகள் ஒன்றையொன்று தொட்டுவிட்டன. அப்போது 12 வோல்ட்டில் 0.6 ஆம்பியருக்குப் பதில் 2 ஆம்பியர் பாயும். கணினியின் டிரான்சிஸ்டருக்கு ஆபத்து.

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். செம்பின் மின்தடை ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 0.39 விழுக்காடு கூடும். 20 டிகிரியில் 20 ஓம் உள்ள சுருள், எண்ணெய் 100 டிகிரிக்குச் சூடேறியதும் 26 ஓம் காட்டும். கையேட்டில் 24-ஐப் பார்த்துவிட்டு, பழுதில்லாத சுருளைத் தூக்கி எறிபவர்கள் உண்டு! நம் காரின் கதை இதற்கு நேர்மாறு. மயிரிழை விரிசல் கண்ட கம்பி, குளிரில் ஒட்டிக்கொண்டு 20 ஓம் காட்டும். சூட்டில் விரிந்து விலகும். ஆகவே ஓட்டிவந்த சூட்டோடும் அளக்க வேண்டும்.

எண்ணெயின் வெப்பநிலையை உணரும் தெர்மிஸ்டர் ஒரு குறைகடத்தி. அது செம்புக்கு எதிர்க்கட்சி! 20 டிகிரியில் சுமார் 3,500 ஓம். 100 டிகிரியில் 180 ஓமுக்கும் சற்றுக் குறைவு.

எண்ணெய் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் சுருளோ 4 ஓம் அளவுதான். மீட்டர் கம்பிகளின் மின்தடையே அரை ஓம் இருந்தால் கணக்குத் தவறிவிடும். முதலில் இரு முனைகளையும் ஒட்டவைத்து, வரும் அளவைக் கழித்துக்கொள்ளுங்கள். இதை நேரே மின்கலத்தில் இணைத்துப் பார்க்க வேண்டாம்; 3 ஆம்பியர் பாய்ந்து சுட்டுவிடும்.

எல்லா அளவும் சரியாக இருந்தும் கியர் விழவில்லையா? வால்வில் தூசு சிக்கியிருக்கலாம். அதை ஓம் மீட்டர் காட்டாது. கழற்றித்தான் பார்க்க வேண்டும்.