வயலில் கிளம்பும் பானை ஓடு என்ன சொல்லும்?

அண்மையில் மன்னாரிலிருந்து வந்த நண்பர் ஒருவர், மருதானையில் நான் தங்கியிருக்கும் அறையில் ஒரு சொப்பிங் பையைக் கவிழ்த்தார். உள்ளே பானை ஓடுகள். மீள்குடியேறி வயலைத் திருத்தும்போது கிளம்பியவையாம். அவருக்கு இரண்டு கேள்விகள் இருந்தன. இவை எந்தக் காலத்தவை? வெளியில் சொன்னால் காணி போய்விடுமா?

இரண்டாவது கேள்வியை வீண்பயம் என்று தள்ளிவிட முடியாது. 2020 ஜூனில் கிழக்கு மாகாணத் தொல்பொருள் மரபுரிமைகளுக்கென ஜனாதிபதி செயலணி அமைக்கப்பட்டது. தலைவர் பாதுகாப்புச் செயலாளர். அமைக்கப்பட்டபோது அதில் ஒரு தமிழரோ முஸ்லிமோ இருக்கவில்லை. தொல்பொருள் என்றாலே எல்லைக்கல் என்று எங்கள் மக்கள் நினைப்பதற்குக் காரணம் இருக்கிறது.

ஆனால் அகழ்வாய்வின் வேலை வேறு. அரசர்கள் கல்லில் எழுதினார்கள். விவசாயி மண்சுவர் எழுப்பி ஓலை வேய்ந்தான். அந்த வீடு சில தலைமுறைகளில் மண்ணோடு மண்ணாகிவிடும். எஞ்சுவது உடைந்த பானை, அடுப்புச் சாம்பல், கம்பம் நட்ட குழியின் கறுத்த தடம், கருகிய தானியம். இடைக்காலக் கிராமத்தின் வரலாறு இவற்றில்தான் இருக்கிறது.

ஆய்வாளர்கள் முதலில் வயலில் வரிசையாக நடந்து ஓடுகள் செறிந்த இடங்களைக் குறிக்கிறார்கள். பிறகு சிறிய குழி வெட்டி, மண்ணை அடுக்கடுக்காக எடுக்கிறார்கள். அந்த மண்ணைத் தண்ணீரில் கரைத்தால் கருகிய தானியம் மிதக்கும். அதை நுண்ணிய வலையில் பிடித்து, கரிமக் காலக்கணிப்புக்கு அனுப்புகிறார்கள்.

மன்னாரில் கடலைச் சேரும் அருவி ஆற்றின் மேற்பகுதியில், அனுராதபுரத்தைச் சுற்றி, 2005 முதல் 2009 வரை இப்படியோர் ஆய்வு நடந்தது. டர்ஹாம், களனிப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதில் பங்கெடுத்தார்கள். தலைநகருக்கு வெளியே சிறிய நகரங்களை எதிர்பார்த்தவர்களுக்கு அவை கிடைக்கவில்லை. கிடைத்தவை சிறிய குடியிருப்புகளும் விகாரைகளும்தான்.

அதே ஆறு கடலைச் சேரும் பக்கத்தில், திருக்கேதீச்சரத்தை அண்டி, மாந்தைத் துறைமுகம் இருக்கிறது. 1980இல் தொடங்கிய அகழ்வு 1984இல் யுத்தத்தால் நின்றது. 2009–2010இல் மீண்டும் தோண்டினார்கள். தாவர எச்சங்கள் பற்றிய முடிவு 2018இல் வெளியானது. கி.பி. 600–700 காலத்து மிளகும், 900–1100 காலத்துக் கிராம்பும் கிடைத்தன. கிராம்பு இந்தோனேசியாவின் மலுக்கு தீவுகளில் விளைந்தது. ஆயினும் தானியங்களில் அதிகம் இருந்தது நெல்லே. துறைமுகம் உலகத்தோடு வியாபாரம் செய்தது, சாப்பிட்டது சோறு. நெல் விளைவித்தவர்களின் ஊர்களைப் பற்றி எங்களுக்குத் தெரிந்தது மிகக் குறைவு. கட்டுக்கரைக்குளத்தருகே யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத் தொல்லியலாளர்கள் செய்ததைப் போன்ற அகழ்வுகள் இன்னும் பல வேண்டும்.

நண்பரின் ஓடுகள் அப்படியோர் ஊரின் அடையாளமாக இருக்கலாம். எங்கே, எந்த ஆழத்தில், எவற்றோடு கிடந்தன என்று கேட்டேன். அவரால் சொல்ல முடியவில்லை. பைக்குள் வந்ததும் அவை பாதி பேச்சை இழந்துவிட்டன.

இனி ஓடு கிளம்பினால் எடுக்காமல் படம் பிடியுங்கள் என்றேன். பக்கத்தில் ஓர் அடிமட்டம் வையுங்கள், இடத்தையும் ஆழத்தையும் திகதியையும் எழுதுங்கள். 1940ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டப்படி, கண்டெடுத்தவர் அறிவிக்க வேண்டும். அனுமதியின்றித் தோண்டவும் கூடாது. தனியே போகாமல் கமக்காரர் அமைப்போடு சேர்ந்து, எழுத்தில் அறிவித்து, பிரதியை வைத்துக்கொள்வது நல்லது.

சமையல் பானையின் ஓடு, அதில் சமைத்தவர் எந்த மொழி பேசினார் என்று சொல்வதில்லை. இங்கே மனிதர் உழுதார்கள், உலை வைத்தார்கள் என்பதையே சொல்லும். அதை வைத்து ஒருவரின் காணியைப் பறிப்பதும் பிழை, அந்தப் பயத்தில் ஓட்டை எறிந்துவிடுவதும் இழப்பு.

நண்பர் ஓடுகளைத் திரும்பப் பைக்குள் அடுக்கினார். எந்த வரப்போரம் என்று ஊருக்குப் போய்ப் பார்த்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.