நீர்வழி – 9: விரற்கடை ஆழத்தில்

போன வாரம் குற்றாலப் பேரருவியின் பொங்குமாங்கடலோடு நிறுத்தியிருந்தோம். சாரல் காலத்தில் அங்கே அண்ணாந்து பார்க்காதவர் யார்? இந்த வாரம் உங்களைக் குனிந்து பார்க்கக் கூப்பிடுகிறேன். அருவித் தண்ணீர் சிற்றாறாகிக் கூட்டத்தை விட்டு விலகியதும், கரையோரக் கற்களுக்கிடையே கணுக்கால்கூட முங்காத இடங்கள் வரும். நம் நிழல் தண்ணீரில் விழாமல் கொஞ்சம் பொறுத்து நின்றால், கல்லிடுக்கிலிருந்து ஊசி கனத்தில் மீன்குஞ்சுகள் வெளியே வரும்.

குஞ்சுக்கு முதல் எதிரி ஆற்றின் வேகம். நடு ஆற்று இழுப்பை அதனால் எதிர்க்க முடியாது. கல்லை உரசிப் போகும் தண்ணீரோ வேகம் குறைந்து, கல்லுக்குப் பின்னால் சுழன்று மந்தப்படுகிறது. குஞ்சு அங்கே ஒதுங்கிக்கொள்ளும். வெயில் அடிவரை இறங்குவதால் கல்மேல் பாசி படர்கிறது. பாசிக்குள் பூச்சிப் புழுக்கள். ஆக, சாப்பாட்டுக்கும் வெளியே போக வேண்டாம். பெரிய மீன் துரத்தி வந்தாலும் அந்த ஆழத்தில் உடம்பைத் திருப்ப இடமில்லை. கொக்குக்குத்தான் தப்ப வேண்டும், அதற்கு இடுக்கு இருக்கிறது. வளர்ந்த பிறகும் கல்லை விடாத மீன் உண்டு. கல்லொட்டி, வாய்க்கு அடியிலுள்ள வட்டத் தட்டால் பாறையைப் பற்றிக்கொண்டு, பாய்ச்சலிலும் பாசி மேயும்.

சிற்றாறு சேரும் தாமிரபரணிப் படுகைக்கே உரிய கெண்டை ஒன்று இருக்கிறது. 1954-ல் அதை அறிவியலுக்கு அறிமுகப்படுத்தியவர் இ. ஜி. சைலஸ். பின்னாளில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் இயக்குநரானார். ஆற்றுக் கெண்டையை ஆராய்ந்தவர் கடலுக்குப் போனது எனக்கு இயல்பாகவே படுகிறது. இந்தத் தண்ணீரும் அங்கேதானே போகிறது! சிவலப்பேரி அருகே தாமிரபரணியில் கலந்து, புன்னைக்காயலில் மன்னார் வளைகுடாவைச் சேர்கிறது.

அங்கேயும் குஞ்சு வளர்வது ஆழமில்லாத கல்லோரத்தில்தான். மீனவர்கள் பார் என்று சொல்லும் பாறை, பவளத் திட்டுகளின் பொந்துகளில் களவாவும் கிளிமீனும் சிறுவயதைக் கழிக்கின்றன. அந்தப் பவளத்தைச் சுண்ணாம்புக்காகப் பல பத்தாண்டுகள் வெட்டி எடுத்தார்கள். அலையைத் தடுத்த அரண் போனது; வளைகுடாவின் 21 தீவுகளில் பூவரசன்பட்டியும் விலாங்குசல்லியும் கடலுக்குள் போயின. 2001-ல் பவளம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் ஏறியது. இப்போது தூத்துக்குடி வான் தீவருகே கான்கிரீட்டில் செயற்கைப் பார் வார்த்து இறக்கியிருக்கிறார்கள். நல்ல வேலை. ஆனால் வெட்டாமல் விட்டிருந்தால் ஒரு காசு செலவாகியிருக்காது.

சிற்றாற்றில் இன்னும் காலம் கடந்துவிடவில்லை. அருவிகளில் சோப்பும் ஷாம்பும் எண்ணெயும் கூடாதென்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தடை விதித்தது, குஞ்சுகளுக்கும் சேர்த்தே நல்லது. நுரைத் தண்ணீர் செவுளைக் கெடுக்கும். எனக்கு அதைவிடப் பெரிய கவலை சிமென்ட் சுவர். கரையைச் செங்குத்தாகக் கட்டிய இடத்தில் தண்ணீர் உண்டு, ஓரம் கிடையாது. படித்துறை வேண்டாம் என்று சொல்லவில்லை. ஊருக்கு அது வேண்டும். படித்துறைக்கு இரு பக்கமும் கரையைச் சரிவாகவும் கல்லைக் கல்லாகவும் விடலாம். நீர்வளத் துறை மதிப்பீடு போடும்போதே இதைச் சேர்ப்பது பெரிய காரியமல்ல.

அடுத்த வாரம் தென்காசி யானைப்பாலம் தாண்டி, அணைக்கட்டுகளின் பக்கம் போவோம்.