நெற்கழனியும் இல்லத்தரசியின் சொல்லும்

உழவனுக்கு மனைவி துணை நிற்கிறாள் என்று கூறுவது நம் வழக்கம். நெற்பயிரைப் பொறுத்தமட்டில் இக்கூற்று முழுமையானதன்று. ஏர் உழுதல், அண்டை வெட்டுதல், நீர் பாய்ச்சுதல் முதலியன ஆடவர் வேலைகள். நாற்றுப் பறித்தல், நடவு, களையெடுப்பு, தூற்றுதல், நெல்லை அவித்து உலர்த்துதல், மறுபோகத்திற்கு விதை காத்தல் ஆகியவை பெரும்பாலும் பெண்டிர் கையால் நடைபெறுவன. அறுவடை இருவர்க்கும் பொது. இங்ஙனம் உழைப்பில் பாதியைச் சுமப்பவர்க்கு முடிவு செய்வதில் எவ்வளவு பங்கு உண்டு என்பதை நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

விதைத் தேர்வை முதலில் எடுத்துக்கொள்வோம். திரூர் நெல் ஆராய்ச்சி நிலையம் உருவாக்கிய டி.கே.எம். 13 என்னும் இரகம் 2015இல் வெளியாயிற்று. இத்தகைய புது இரகத்தைப் பற்றிக் கேள்வியுறும் ஆடவர், ஏக்கருக்கு எத்தனை மூட்டை காணும் என்று கேட்பர். சோறு எப்படி இருக்கும், குத்தினால் நொய் விழுமா, வைக்கோலை மாடு தின்னுமா என்று பெண்டிர் கேட்பர். இருவர் கேள்விக்கும் விடை கிடைத்த பின்னரே விதை வாங்குதல் நன்று.

பயிற்சியும் அத்தகையதே. திருந்திய நெல் சாகுபடியில் 14 நாள் வயதுள்ள இளநாற்றை, 25 செ.மீ. இடைவெளியில், குத்துக்கு ஒன்றாக நட வேண்டும். நடுபவர் பெண்டிராயிருக்க, பயிற்சிக்கு ஆடவரை மட்டும் அழைப்பதால் யாது பயன்? இக்குறையை உணர்ந்தே 1986இல் டென்மார்க் நாட்டு உதவியுடன் ‘தான்வா’ என்னும் உழவர் மகளிர் பயிற்சித் திட்டம் தமிழ்நாட்டில் தொடங்கப்பெற்றது.

பணப் பொறுப்பிலும் இதே நிலைதான். உரம் வாங்கவும் நடவுக்கூலி கொடுக்கவும் மனைவியின் நகை கூட்டுறவுச் சங்கத்தில் அடகு வைக்கப்படுகிறது. ஆனால், நெல்லை என்று விற்பது, வந்த பணத்தில் எக்கடனை முதலில் அடைப்பது என்பவற்றை அவளைக் கேளாமலே முடிவு செய்யும் குடும்பங்கள் பல. நகை மூழ்கினால் இழப்பு அவளுக்கே.

நிலத்தை விற்கும் நாளில் இக்குறை மிகப் பெரிதாகிறது. சென்னையிலிருந்து பூவிருந்தவல்லி செல்லும் நெடுஞ்சாலையிலுள்ள வானகரத்தைச் சுற்றி ஒரு காலத்தில் ஏரிப்பாசன நெல்வயல்கள் இருந்தன. இன்று அவற்றுள் பல வீட்டுமனைகளாகவும் கிடங்குகளாகவும் மாறிவிட்டன. விற்றவர் கையில் தொகை வந்தது உண்மையே. ஆயினும், வயலோடு வீட்டு அரிசியும், மாட்டுக்கு வைக்கோலும், நடவுக்கூலியும் சேர்ந்தே போயின. இவ்விழப்பை முதலில் உணர்பவள் பெண்ணே. பேச்சு முடிந்து முன்பணம் வாங்கிய பின் அவளிடம் கையொப்பம் மட்டும் கேட்பது முறையாகாது.

சட்டம் பெண்ணின் பக்கம் நிற்கிறது. 1989ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுத் திருத்தம் இந்துக் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்குப் பங்கு தந்தது. 2005ஆம் ஆண்டு மையச் சட்டம் அதனை நாடு முழுதும் விரிவாக்கிற்று. அவ்வுரிமை பிறப்பால் வருவதென 2020இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. எனினும், 2015–16ஆம் ஆண்டு வேளாண் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் பெண்டிர் நடத்தும் சாகுபடி நிலவுடைமைகள் நூற்றுக்கு 14 அளவே. பட்டாவில் பெயர் இல்லாதவர்க்குப் பயிர்க்கடனும் அரசு உதவித் தொகையும் எளிதில் கிட்டா.

ஊராட்சி உறுப்பினர்கள் செய்யத்தக்கன சில உள. வாரிசுப் பட்டா மாறுதலின்போது மனைவி, மகள் பெயர்கள் விடுபடாமல் பார்த்துக்கொள்ளலாம். வேளாண் பயிற்சியை, சமையலும் நடவும் இல்லாத பிற்பகல் வேளையில், ஊருக்குள்ளேயே நடத்தும்படி கேட்கலாம். நடவு இயந்திரமும் அறுவடை இயந்திரமும் ஊருக்குள் வருமுன், கூலி இழக்கும் பெண்டிர்க்கு மாற்று வேலை யாது எனக் கிராம சபையில் பேசலாம். ஊராட்சி இடங்களில் பாதியைப் பெண்டிர்க்கு ஒதுக்க 2016இல் சட்டம் செய்யப்பட்டது. அவ்விடத்தில் அமரும் பெண் தானே பேச, கணவர் கேட்டுக்கொண்டிருத்தல் வேண்டும்.

உழவர் பெருமக்களே, அடுத்த போகத்திற்கு விதை வாங்குமுன் வீட்டில் கணக்கை விரித்து வைத்து, இருவரும் கூடிப் பேசுங்கள். இதற்குச் செலவு ஒன்றும் இல்லை. நிலமும் நகையும் குடும்பத்தில் நிலைப்பதற்கு இதுவே நல்வழி.