பிரேக் பெடல் பஞ்சாய் அமுங்குகிறதா?

தீபாவளிக்கு முந்திய வாரங்களில் சிராங்கூன் சாலையில் கார் ஓட்டியவர்களைக் கேட்டுப் பாருங்கள். தேக்காவிலிருந்து பெருமாள் கோயிலை எட்டுவதற்குள் பிரேக்கை எத்தனை முறை மிதித்தோம் என்று எண்ணி முடியாது என்பார்கள். ஜொகூர்த் தோட்டங்களிலிருந்து பாலத்தைக் கடந்து துணிமணி வாங்க வரும் குடும்பக் கார்களும் அந்த நெரிசலில் ஊர்ந்துதான் போகவேண்டும். நெடுஞ்சாலையில் தெரியாத பெடல் கோளாறு இங்கேதான் காலுக்குத் தெரியவரும். மேலே கெட்டியாக நிற்க வேண்டிய பெடல், பஞ்சு மெத்தையை மிதித்ததுபோல் உள்ளே போகும். "இன்னும் பிடிக்கிறதே, போகட்டும்" என்று விட்டுவிடுகிறோம். அது தவறு.

பெடலை மிதித்தால் மாஸ்டர் சிலிண்டர் எண்ணெயைக் குழாய்களில் தள்ளுகிறது. அந்த அழுத்தம் நான்கு சக்கரங்களுக்கும் போகிறது. அமெரிக்காவின் டியூசன்பர்க் கார் 1921-லேயே இம்முறையில் வந்துவிட்டது. எண்ணெய் அமுங்காது, காற்று அமுங்கும். குழாயில் காற்று புகுந்துவிட்டால் நம் கால் பலமெல்லாம் அந்தக் காற்றை அமுக்குவதிலேயே செலவாகிவிடும்.

கோளாறு எதுவென்று கண்டுபிடிக்கக் காலே போதும். காரை நிறுத்திப் பெடலை நாலைந்து முறை வேகமாக மிதியுங்கள். மிதிக்க மிதிக்க மேலேறிக் கெட்டியானால், உள்ளே காற்று இருக்கலாம். பின்சக்கர டிரம் பிரேக்கின் ஷூ தேய்ந்து தளர்ந்தும் இருக்கலாம். அடுத்து, இன்ஜின் ஓடும்போது பெடலை ஒரே சீராக அழுத்திப் பிடியுங்கள். மெல்ல மெல்லத் தரையை நோக்கி இறங்கினால் எங்கோ எண்ணெய் கசிகிறது, அல்லது மாஸ்டர் சிலிண்டரின் ரப்பர் போய்விட்டது. அந்தக் காரை ஓட்டக் கூடாது; பட்டறைக்குக்கூட இழுத்துத்தான் போகவேண்டும். (இன்ஜினை ஸ்டார்ட் செய்ததும் பெடல் சற்றே கீழே போவது கோளாறு அல்ல. பயப்பட வேண்டாம்.)

கேமரன் மலையிலிருந்து தாப்பாவுக்கு இறங்கும்போது மட்டும் பெடல் தொளதொளத்து, அடிவாரத்தில் ஆறியபின் சரியாகிறதா? அது எண்ணெயின் வேலை. பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். நம் ஊர்ப் புழுக்கத்தில் கேட்கவே வேண்டாம். டாட் 3 எண்ணெய் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. நீர் சேர்ந்தபின் 140 டிகிரியே அதன் எல்லை. டாட் 4 எண்ணெய்க்கு அவை 230, 155. கொதித்தால் ஆவி, ஆவியும் காற்றைப்போல் அமுங்கும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை எண்ணெய் மாற்றச் சொல்வது இதனால்தான். இறக்கத்தில் சிறிய கியரில் வந்தால் பிரேக் சூடேறாது.

ஏர் எடுப்பது எப்படி?

கசிவை முதலில் அடைக்க வேண்டும். அதைச் செய்யாமல் ஏர் எடுப்பது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிப்பதுதான்.

இது இருவர் வேலை. ஒருவர் பெடலில், மற்றவர் சக்கரத்தருகே. வலப்பக்க ஸ்டியரிங் கார்களில் வழக்கமாக மாஸ்டர் சிலிண்டருக்கு அதிகத் தொலைவிலுள்ள இடது பின்சக்கரத்தில் தொடங்கி, வலது பின், இடது முன், வலது முன் என்று வருவார்கள். சில கார்களுக்கு வரிசை வேறு. கார்க் கையேட்டைப் பாருங்கள். நிப்பிளைத் துடைத்து, கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் குழாயை மாட்டி, மறுமுனையைச் சிறிது பிரேக் எண்ணெய் உள்ள போத்தலில் முக்கி வையுங்கள். பெடலில் இருப்பவர் மெதுவாக மிதித்து அப்படியே பிடிக்க, இவர் நிப்பிளைக் கால் சுற்றுத் திறப்பார். குமிழிகள் வரும், பெடல் இறங்கும். நிப்பிளை மூடிய பிறகே காலை எடுக்க வேண்டும். முந்தி எடுத்தால் வெளிக்காற்று உள்ளே போய்விடும். குமிழி நிற்கும்வரை இதையே செய்யுங்கள். மேலே உள்ள எண்ணெய்ப் புட்டி வற்றினால் பட்ட பாடெல்லாம் வீண்.

பழைய கார்களில் பெடலின் கீழ் ஒரு மரக்கட்டையை வைப்பது அனுபவசாலிகளின் பழக்கம். பெடல் முழுக்க இறங்கினால் ரப்பர் வழக்கமாகப் போகாத துருப்பிடித்த இடத்தில் உரசிக் கிழியும்.

இன்ஜின் எண்ணெயையோ வேறு எந்த எண்ணெயையோ ஒரு சொட்டுக்கூட ஊற்றாதீர்கள். ரப்பரெல்லாம் ஊதிப்போய் பிரேக் முழுவதையும் கழற்ற நேரிடும். திறந்து நாளான டின்னும் ஆகாது. பிரேக் எண்ணெய் பெயின்டை உரிக்கும். சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். பழைய எண்ணெயைக் கால்வாயில் கொட்டாமல் பட்டறையில் கொடுத்துவிடுங்கள்.

ஏபிஎஸ் உள்ள புதிய கார்களில் ஏர் எடுக்கச் சில சமயம் கணினிக் கருவியும் தேவைப்படும். அதைச் சின் மிங், ஊபி பக்கத்துப் பட்டறைக்காரர்களிடம் விடுவதே நல்லது. சிங்கப்பூரில் மூன்று ஆண்டு முதல் பத்தாண்டு வரையான கார்களை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும், அதற்கு மேற்பட்டவற்றை ஆண்டுதோறும் சோதனைக்குக் கொண்டுபோக வேண்டும். அங்கே உருளைகளின் மேல் ஏற்றி பிரேக் பலத்தை அளப்பார்கள். அடுத்த சோதனை வரும்வரை காத்திருக்க வேண்டாம். வாரம் ஒருமுறை பானெட்டைத் திறந்து, எண்ணெய்ப் புட்டியின் மேல்கோடு, கீழ்க்கோடு இரண்டுக்கும் நடுவே எண்ணெய் நிற்கிறதா என்று பார்க்க அரை நிமிடம்தான் ஆகும்.